வாணலியும் சுங்க வரியும்

2025 பிப்ரவரி மாத 'மனதின் குரல்' வானொலி உரையில் பிரதமர் ஒரு வேண்டுகோள் வைத்தார். நாட்டில் உடல் பருமன் கூடிக்கொண்டே போகிறது. ஆகவே ஒவ்வொரு குடும்பமும் மாதம் வாங்கும் சமையல் எண்ணெயில் 10 சதவீதத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்றார். பத்துப் பிரபலங்களின் பெயரைச் சொல்லி, அவர்கள் ஆளுக்குப் பத்துப் பேரிடம் இதைக் கொண்டுசெல்ல வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். நல்ல யோசனைதான்.

மூன்று மாதம் கழித்து, மே 30 அன்று, மத்திய நிதி அமைச்சகம் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. கச்சா பாமாயில், கச்சா சோயா எண்ணெய், கச்சா சூரியகாந்தி எண்ணெய் ஆகியவற்றின் மீதான அடிப்படைச் சுங்க வரி 20 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைந்தது. கூடுதல் வரிகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் 27.5 சதவீதம் 16.5 சதவீதமானது. விலைவாசி குறைய வேண்டும், உள்நாட்டுச் சுத்திகரிப்பு ஆலைகள் பிழைக்க வேண்டும் என்பவை காரணங்கள். அவையும் நல்ல காரணங்களே.

இதில் கபடம் ஏதும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. கபடம் என்றால் இரண்டையும் சேர்த்து யாரோ ஒருவர் யோசித்திருக்க வேண்டும். இங்கே அப்படி யோசிப்பதற்கு ஆளே இல்லை என்பதுதான் என் புகார். குறைவாக ஊற்று என்று சொல்லும் துறையும், மலிவாகத் தருகிறேன் என்று சொல்லும் துறையும் ஒரே ஊரில் இருக்கின்றன; ஒன்று சொல்வது இன்னொன்றின் காதில் விழுவதில்லை.

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். நான் மருத்துவன் அல்லன், பொருளாதாரம் படித்தவனும் அல்லன். தொண்ணூறுகளின் பிற்பாதியில் சென்னையில் ஓர் எண்ணெய் மண்டியில் கணக்கு எழுதினேன். காலையில் கடை திறந்ததும் முதலாளி கேட்கும் முதல் கேள்வி, "மலேசியா எவ்வளவு?" என்பது. கோலாலம்பூர்ச் சந்தையில் பாமாயில் அன்றைக்கு எத்தனை ரிங்கிட் என்று தெரிந்த பிறகுதான் 15 கிலோ டின்னுக்கு எங்கள் கடையில் விலை சொல்வார். நிலக்கடலையிலிருந்து எடுக்கும் கடலெண்ணெயின் விலை விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் வரத்தைப் பொறுத்தது என்று நம்பி வளர்ந்தவன் நான். எங்கள் ஊரில் மல்லாட்டை (நிலக்கடலை) மூட்டை கமிட்டிக்கு, அதாவது ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குப் போனால், அன்றைய ஏலத்தில்தான் விலை என்பார்கள். மண்டியில் சேர்ந்த சில மாதங்களிலேயே அந்த ஏலத்துக்கு மேல் இன்னொரு ஏலம் இருப்பது புரிந்துவிட்டது. ரிங்கிட் இறங்கினால் கமிட்டியில் மல்லாட்டையும் இறங்கியது. பட்ஜெட் நாள் வந்தால் மண்டித் தெரு முழுக்க ரேடியோவைச் சுற்றி நிற்கும். வருமான வரியைப் பற்றி அங்கே யாருக்கும் அக்கறை கிடையாது, எண்ணெய்க்கு வரி எவ்வளவு என்பதைத்தான் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

அதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை நிலைமை வேறு. 1986இல் ராஜீவ் காந்தி அரசு எண்ணெய் வித்துக்களுக்கென்று ஒரு தொழில்நுட்ப இயக்கம் தொடங்கியது. விதை, கொள்முதல் விலை, பதப்படுத்துதல் என்று எல்லாவற்றையும் ஒரே குடையின் கீழ் கொண்டுவந்தார்கள். 'மஞ்சள் புரட்சி' என்று பாடப் புத்தகத்தில் ஒரு வரியில் வந்துபோகும் விஷயம் இதுதான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சமையல் எண்ணெயில் நாடு கிட்டத்தட்டத் தன்னிறைவை எட்டியிருந்தது. வெளிநாட்டு எண்ணெய் வந்தாலும் அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் வரும். அந்த ஏற்பாட்டிலும் அழுக்கு உண்டு. கேரள முதல்வராக இருந்த கருணாகரனை ஆண்டுக்கணக்கில் துரத்திய பாமாயில் வழக்கு அந்தக் காலத்து இறக்குமதியில் பிறந்ததுதான்.

1994 ஏப்ரலில் பாமாயிலின் திரவப் பகுதியான பாமோலினை 65 சதவீத வரி கட்டி யார் வேண்டுமானாலும் இறக்குமதி செய்யலாம் என்று ஆனது. 1995 மார்ச்சில் பெரும்பாலான மற்ற எண்ணெய்களுக்கும் கதவு திறந்தது. வரி 30 சதவீதம். பிறகு அது 20 ஆகி, 1998இல் 15 ஆனது. நான் மண்டியில் உட்கார்ந்து பேரேட்டில் கண்ட மாற்றம் இதுதான். சேரும்போது கடலெண்ணெய் டின் வரிசை பக்கம் பக்கமாக ஓடும், பாமாயில் சில வரிகளில் முடியும். வேலையை விடும்போது அது தலைகீழாக இருந்தது. ஹோட்டல்காரர்கள் முதலில் மாறினார்கள், பின்னால் மிக்சர், முறுக்கு போடுகிறவர்கள், கடைசியாக மளிகைக் கடைகள்.

1995 என்றதும் எல்லாவற்றையும் உலக வர்த்தக அமைப்பின் தலையில் போடுவது வழக்கம். உண்மை கொஞ்சம் கோணலானது. அந்த அமைப்பில் சேரும்போது ஒவ்வொரு பொருளுக்கும் இதற்கு மேல் வரி போட மாட்டேன் என்று நாடுகள் ஓர் உச்சவரம்பு எழுதிக்கொடுத்தன. சோயா எண்ணெய்க்கு இந்தியா கொடுத்தது 45 சதவீதம். பாமாயிலுக்குக் கொடுத்தது 300 சதவீதம். ஆக, அந்த அமைப்பு இருக்கும் ஜெனீவாவில் யாரும் பாமாயில் விஷயத்தில் நம் கையைக் கட்டவில்லை. 300 வரை போகலாம் என்ற இடத்தில் 15க்கு இறங்கியது டெல்லி தானாகச் செய்தது. கையைக் கட்டும் வேலை பிற்பாடு நடந்தது. 2009 ஆகஸ்டில் தென்கிழக்கு ஆசிய நாடுகளோடு இந்தியா கையெழுத்திட்ட தடையற்ற வணிக ஒப்பந்தத்தில், கச்சா பாமாயில் வரியை 2019 முடிவுக்குள் 37.5 சதவீதத்துக்கும், சுத்திகரித்த பாமாயில் வரியை 45 சதவீதத்துக்கும் இறக்குவதாக ஒத்துக்கொண்டோம். 2018 மார்ச்சில் விவசாயிகளுக்காகக் கச்சா பாமாயில் வரியை 44 சதவீதமாக ஏற்றிய அரசு, 2019 ஜனவரி 1 அன்று அதை 40ஆக இறக்க வேண்டியிருந்தது. காரணம் அந்த ஒப்பந்தம்.

வரியை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான். வாங்குகிறவன் கதவைத் திறந்தால் மட்டும் போதுமா, அந்தப் பக்கம் சரக்கு இருக்க வேண்டுமே.

அந்தப் பக்கத்துக் கதையில் நம்மவர்கள் வியர்வை இருக்கிறது. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து கூலியாட்களாகக் கப்பலேறியவர்களின் பிள்ளைகள், ரப்பர் விலை சரிந்து தோட்டங்கள் பாமாயில் தரும் செம்பனைக்கு மாறியபோது பால் வெட்டும் உளியை வைத்துவிட்டுக் குலை வெட்டும் அரிவாளைப் பிடித்தார்கள். உலக வங்கி அறுபதுகளின் இறுதியில் பகாங் மாநிலத்தின் ஜெங்கா பகுதியில் காட்டை அழித்துச் செம்பனை நடக் கடன் கொடுத்தது. அந்தக் காலத்தில் பூவுக்கு மகரந்தத்தைத் தோட்டத் தொழிலாளர்கள் கையால் தூவுவார்கள். 1981இல் ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து அரிசி மணியைவிடச் சிறிய ஒரு கூன்வண்டைக் கொண்டுவந்து மலேசியத் தோட்டங்களில் விட்டார்கள். செம்பனைக்கு அது பிறந்த ஊர்த் தோழன். கை வேலையை வண்டு எடுத்துக்கொண்டது, விளைச்சல் பெருகியது. நம் ஊர் மளிகைக் கடை வரை நீண்ட மலிவு விலையில் அந்த வண்டுக்கும் ஒரு பங்கு உண்டு என்று நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

இந்தோனேசியாவின் கதை அரசியல். 1998 ஜனவரி 15. ஆசிய நிதி நெருக்கடியில் ரூபியா சரிந்து கிடக்க, அதிபர் சுகார்த்தோ குனிந்து கையெழுத்துப் போடுகிறார். பன்னாட்டு நாணய நிதியத்தின் தலைவர் மிஷேல் காம்டெஸ்ஸு பக்கத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். உலகம் முழுக்கப் பரவிய புகைப்படம் அது. பள்ளி ஆசிரியர் முன்னால் மன்னிப்புக் கடிதம் எழுதும் பையனைப் போல ஒரு நாட்டின் அதிபர். படத்தைப் பார்த்தவர்கள் பலர். அந்தக் காகிதத்தில் என்ன இருந்தது என்று பார்த்தவர்கள் குறைவு. அதில் ஒரு வாக்குறுதி, பாமாயில் தோட்டங்களில் வெளிநாட்டு முதலீட்டுக்கு இருந்த தடைகளை எல்லாம் நீக்குவது. சுகார்த்தோ அந்த ஆண்டு மே மாதம் பதவியிழந்தார். முதலீடு வந்தது. சுமத்ராவிலும் களிமந்தானிலும் காடுகள் தோட்டங்களாயின. அடுத்த பத்தாண்டுக்குள் இந்தோனேசியா மலேசியாவை முந்தி உலகின் முதல் பாமாயில் உற்பத்தியாளர் ஆனது. அந்த எண்ணெயை வாங்க உலகத்தில் மிகப் பெரிய வாயாக நாம் இருந்தோம். இன்று ஆண்டுக்கு 1.5 கோடி டன்னுக்கும் மேல் சமையல் எண்ணெய் இறக்குமதி செய்கிறோம். அதில் ஏறக்குறையப் பாதி பாமாயில்.

இந்தக் கதையில் இலங்கைக்கு ஒரு வேடிக்கையான அத்தியாயம் உண்டு. இந்தியா, இலங்கை தடையற்ற வணிக ஒப்பந்தம் 1998 டிசம்பரில் கையெழுத்தாகி 2000இல் நடைமுறைக்கு வந்தது. அப்போது இந்தியாவில் பாமாயிலுக்கு வரி மறுபடி ஏறியிருந்தது, இலங்கையில் குறைவு. இலங்கையில் செய்த வனஸ்பதி (ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கிய எண்ணெய்) இந்தியாவுக்குள் வரியில்லாமல் வரலாம். பிறகு என்ன, இந்திய முதலாளிகள் இலங்கைக்குப் போய் வனஸ்பதி ஆலை போட்டார்கள். மலேசிய, இந்தோனேசிய எண்ணெய் இலங்கையில் இறங்கி, வனஸ்பதியாக உறைந்து, இலங்கைப் பொருள் என்ற பெயரோடு இந்தியா வந்து சேர்ந்தது. உள்ளூர் ஆலைகள் கூச்சல் போட்ட பிறகு 2006இல் ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் என்று அளவு கட்டினார்கள். வனஸ்பதி என்பது அந்தக் காலத்தில் டிரான்ஸ் கொழுப்பின் மூட்டை. இதயத்துக்கு அதைவிடக் கெட்ட கொழுப்பு சமையலறையில் இல்லை. இரண்டு அரசுகளும் அந்தச் சரக்கைப் பற்றி மாதக்கணக்கில் பேசின. பேசியது எல்லாம் டன் கணக்கும் வரிக் கணக்கும் எந்த நாட்டுப் பொருள் என்ற சர்ச்சையும்தான். டிரான்ஸ் கொழுப்பை 2 சதவீதத்துக்குள் கட்டும் விதி இந்தியாவில் நடைமுறைக்கு வர 2022 ஜனவரி ஆனது. வரி வித்தியாசம் இருக்கும் வரை இந்த விளையாட்டு ஓயாது. 2024இல் வரி ஏறியதும் எண்ணெய் வித்தே பெரிதாக விளையாத நேபாளத்திலிருந்து சுத்திகரித்த எண்ணெய் வரியின்றி வந்து குவிந்தது.

சரி, இந்த எண்ணெய் உடம்பை என்ன செய்கிறது?

இங்கே இரண்டு கூட்டத்தோடும் எனக்குச் சண்டை. ஒரு கூட்டம் வாட்ஸ்அப்பில் பாமாயிலை விஷம் என்று பரப்புகிறது. அடுத்த வரியிலேயே மரச்செக்கு எண்ணெய் விற்கும் கைப்பேசி எண் இருக்கும். இன்னொரு கூட்டம் பாமாயிலில் வைட்டமின் இருக்கிறது, கொலஸ்ட்ரால் துளியும் இல்லை என்று விளம்பரம் செய்கிறது. எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது. அதைச் சொல்லிப் பெருமைப்படுவதற்கு ஒன்றுமில்லை. கேள்வி நிறைவுற்ற கொழுப்பைப் பற்றியது. பாமாயிலில் அது ஏறத்தாழப் பாதி. அதிலிருந்து திரவப் பகுதியை மட்டும் பிரித்தெடுக்கும் பாமோலினில் சற்றுக் குறைவு, 40 சதவீதத்துக்கு மேல். கடலெண்ணெயில் 20க்குள், நல்லெண்ணெயில் 15 அளவு. மார்கழியில் ரேஷன் பாக்கெட் உள்ளுக்குள்ளேயே வெள்ளையாக உறைந்து நிற்பதை எல்லோரும் பார்த்திருப்போம். அது அந்தக் கொழுப்பின் வேலை. இந்த வகைக் கொழுப்பு, நிறைவுறாக் கொழுப்புள்ள எண்ணெய்களோடு ஒப்பிடும்போது, இரத்தத்தில் கெட்ட கொழுப்பை உயர்த்துகிறது. இதில் மருத்துவ உலகத்தில் பெரிய தகராறு இல்லை. அதே நேரம், வனஸ்பதியை ஒழிக்க பேக்கரிக்காரர்களுக்கு உதவியதும் பாமாயில்தான், ஏனென்றால் ஹைட்ரஜன் ஏற்றாமலேயே அது கெட்டியாக நிற்கும். அந்த அளவில் அது நல்லது செய்திருக்கிறது.

வீட்டு வாணலியைவிட எனக்குப் பயம் தருவது வெளியே இருக்கும் வாணலி. சூட்டைத் தாங்குவதாலும் விலை மலிவாலும் டீக்கடை, பரோட்டாக் கடை, மிக்சர் பட்டறை எல்லாம் பாமாயில்தான். பிஸ்கட் பாக்கெட்டின் பின்னால் எறும்பு எழுத்தில் பார்த்தால் அங்கும் அதே. நூடுல்ஸ், சிப்ஸ், ஐஸ்கிரீம் என்ற பெயரில் விற்கும் உறைந்த இனிப்பு, குழந்தைகளுக்கான சாக்லேட் பூச்சு, எங்கும் அதே. எண்ணெய் விலை ஏறினால் இவையெல்லாம் இவ்வளவு மலிவாக இருக்க முடியாது. இந்தியர் ஒருவர் ஆண்டுக்குச் சுமார் 19 கிலோ எண்ணெய் சாப்பிடுகிறார் என்கிறது அரசின் கணக்கு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) போதும் என்று சொல்வது 12 கிலோ அளவு. பிரதமர் குறைக்கச் சொன்ன 10 சதவீதம் வீட்டு எண்ணெய்க் குடுவையில் இருக்கிறது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டோம். குடுவைக்கு வராமலேயே வயிற்றுக்குப் போகும் எண்ணெயை எந்தக் கரண்டியால் அளப்பது?

2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். இண்டியாப் ஆய்வைச் சென்னையின் டாக்டர் அஞ்சனா, டாக்டர் மோகன் குழுவினர் நடத்தினார்கள். நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 சதவீதம். நாடு முழுக்க ஏதாவது ஒரு இரத்தக் கொழுப்புக் கோளாறு உள்ளவர்கள் 81 சதவீதம். அந்தப் பெரிய எண்ணில் நல்ல கொழுப்பு குறைந்தவர்களே அதிகம், ஆகவே அதைப் பாமாயில் கணக்கில் மொத்தமாக எழுத முடியாது. உட்கார்ந்தே செய்யும் வேலை, அரிசி, சர்க்கரை, புகை, பரம்பரை என்று எல்லாமே அதில் இருக்கின்றன. என் தந்தைக்கு இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தபோது மருத்துவர் கேட்ட முதல் கேள்வி பீடியைப் பற்றி. எண்ணெய் இரண்டாவதாக வந்தது. "எண்ணெயைக் குறையுங்கள் ஐயா, அதிலும் இந்த ரேஷன் பாமாயிலை விட்டுவிடுங்கள்" என்றார். அப்பா என்னைப் பார்த்தார். 25 ரூபாய் எண்ணெயை விட்டுவிட்டு எதை வாங்குவது என்ற கேள்விக்கு மருந்துச் சீட்டில் இடம் இல்லை.

அந்தக் கேள்விக்கு எண்ணிக்கையோடு பதில் தேடிய ஓர் ஆய்வு 2013இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. சஞ்சய் பாசுவும் மற்றவர்களும் கணினியில் ஒரு மாதிரி கட்டினார்கள். இந்தியாவில் பாமாயில் மீது 20 சதவீத வரி போட்டால் 2014 முதல் 2023 வரை மாரடைப்பாலும் பக்கவாதத்தாலும் வரும் மரணங்களில் சுமார் 3,63,000 தவிர்க்கப்படும் என்று வந்தது. மொத்த இதய நோய் மரணங்களில் அது 1.3 சதவீதம். பெரிய விகிதம் அல்ல. ஆனால் மூன்றரை லட்சம் பேர் என்றால் ஒரு நகரம். ஆய்வின் நேர்மை எனக்குப் பிடித்தது. வரி போட்டால் ஏழைகளுக்குச் சாப்பாட்டுப் பற்றாக்குறை வரும், அதனாலும் உயிர்கள் போகும் என்பதையும் அவர்கள் கணக்கில் வைத்தார்கள். வறுமையிலிருக்கும் வீட்டில் எண்ணெய் என்பது ஆடம்பரம் அல்ல. மெலிந்த குழந்தையின் தட்டில் அது சக்தி. பாமாயில் மலிந்ததால் சோற்றில் தாளிப்பு கண்ட குடும்பங்கள் உண்டு. அவர்களிடம் போய் நான் சுங்க வரியை ஏற்றச் சொல்லி வாதாட மாட்டேன்.

நான் வாதாடுவது வேறு. பாமாயிலை இந்தியா எப்போதெல்லாம் தடுத்திருக்கிறது என்று பாருங்கள். 2007இல் தென்னை விவசாயிகளுக்காகக் கொச்சித் துறைமுகம் வழியாகப் பாமாயில் வரக் கூடாது என்றார்கள். பின்னர் அது கேரளத்தின் எல்லாத் துறைமுகங்களுக்கும் ஆனது. 2020 ஜனவரியில், காஷ்மீர் குறித்தும் குடியுரிமைச் சட்டம் குறித்தும் மலேசியப் பிரதமர் மகாதீர் பேசிய பேச்சுக்குப் பிறகு, சுத்திகரித்த பாமாயில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 2024 செப்டம்பரில் சோயா விலை சரிந்து விவசாயிகள் கொதித்தபோது வரி ஏறியது. மாறாக, 2008இல் உணவு விலை எகிறியபோது கச்சா சமையல் எண்ணெய் வரி பூஜ்யமானது. தென்னைக்காகத் துறைமுகத்தை மூடலாம், ஒரு பிரதமரின் நாக்குக்காகக் கப்பலைத் திருப்பலாம். ஆக, இந்த எண்ணெயைத் தடுக்க முடியாது என்பது பொய். மனம் வைத்தால் ஒரே இரவில் முடிந்திருக்கிறது. நெஞ்சு வலிக்காக ஒருமுறையும் நடக்கவில்லை. விவசாயிக்குச் சங்கம் இருக்கிறது, ஆலைக்காரருக்கு மும்பையில் சங்கம் இருக்கிறது, விலைவாசிக்குத் தேர்தல் இருக்கிறது. மாரடைப்பு வந்தவருக்குச் சங்கம் கிடையாது. வரப்போகிறவருக்கு அது வரப்போவதே தெரியாது.

சுகாதாரத்தைக் காரணம் காட்டித் தடுத்த நாடு ஒன்றும் இருக்கிறது, அதற்கு என்ன ஆனது என்பதும் தெரிந்ததுதான். பசிபிக் தீவு நாடான சமோவா, அமெரிக்காவிலிருந்து வந்து குவிந்த வான்கோழி வால் இறைச்சியை 2007இல் தடை செய்தது. அமெரிக்காவில் யாரும் விரும்பாத, கொழுப்பே உருவான கழிவுத் துண்டு அது; உடல் பருமனில் தத்தளித்த தீவுக்கு அது வேண்டாம் என்றார்கள். உலக வர்த்தக அமைப்பில் சேர விண்ணப்பித்தபோது தடையை எடுக்கச் சொன்னார்கள். 2012இல் உறுப்பினரான சமோவா, தடைக்குப் பதில் தற்காலிகமாக 300 சதவீத வரி என்று இறங்கிவர வேண்டியிருந்தது. சில லட்சம் பேர்கூட இல்லாத நாடு. நம்மைப் போல வாங்கும் பலம் அதற்குக் கிடையாது. நமக்கோ பாமாயிலில் சட்டத்தின் தடையும் அவ்வளவாக இல்லை, பலமும் இருக்கிறது.

மத்திய அரசைத் திட்டிவிட்டு இங்கே மௌனமாக இருந்தால் முறையாகாது. தமிழ்நாட்டில் 2007 முதல் சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் பருப்போடு பாமாயிலும் தருகிறார்கள். அட்டைக்கு மாதம் ஒரு லிட்டர், 25 ரூபாய். அட்டைகள் இரண்டு கோடிக்கும் மேல். நுகர்பொருள் வாணிபக் கழகம் டெண்டர் விட்டுக் கோடிக்கணக்கில் பாக்கெட் வாங்குகிறது. அதே அரசு 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கி, இரத்த அழுத்த மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. 2023இல் 'இதயம் காப்போம்' திட்டம் வந்தது. நெஞ்சு வலி என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளை உடனே கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். இரண்டு திட்டங்களையும் மனமாரப் பாராட்டுகிறேன், எங்கள் ஊரில் அவை உயிர் காப்பதைப் பார்க்கிறேன். அட்டோர்வாஸ்டாட்டின் கெட்ட கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை. ஊரின் ஒரு முனையில் ரேஷன் கடை, மறு முனையில் சுகாதார நிலையம்; இரண்டுக்கும் பணம் ஒரே கஜானாவிலிருந்து போகிறது.

மாற்று என்ன என்றால் விவசாயச் சங்கங்கள் நெடுங்காலமாகச் சொல்வது, பாமாயிலை நிறுத்திவிட்டுத் தேங்காய் எண்ணெயும் கடலெண்ணெயும் கொடுங்கள் என்பது. தென்னை விவசாயியின் கஷ்டம் எனக்குப் புரிகிறது. ஆனால் தேங்காய் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு 90 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. இதயத்தைக் காரணம் சொல்லிப் பாமாயிலை இறக்கிவிட்டு அந்த இடத்தில் இதை ஏற்றினால் கேலிக்கூத்து. கடலெண்ணெய் வேறு கதை. தமிழ்நாட்டில் நிலக்கடலைப் பரப்பு தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இருந்ததில் பாதிகூட இப்போது இல்லை. பாமாயில் மட்டும் காரணம் அல்ல. மானாவாரி நிலம், கம்பளிப்பூச்சி, களை எடுக்கவும் பறிக்கவும் ஆள் கிடைக்காதது, எல்லாம் உண்டு. ஆனால் அரசே வாங்குகிறது என்று தெரிந்தால் எங்கள் பக்கத்துக்காரர்கள் மறுபடி விதைப்பார்கள். மத்திய அரசு 2021இல் 11,040 கோடி ரூபாய் ஒதுக்கி நாட்டிலேயே எண்ணெய்ப் பனை வளர்க்கக் கிளம்பியிருக்கிறது. அந்நியச் செலாவணி மிச்சமாகலாம். கெட்ட கொழுப்பு உள்நாட்டுத் தயாரிப்பாகும், அவ்வளவுதான்.

என் கணக்கு இது. பாமாயிலுக்குச் செலவாகும் அதே மானியத்தில், அதே டெண்டரில், கடலெண்ணெய் வாங்கினால் ஒரு லிட்டர் வராது. அரை லிட்டருக்குச் சற்று மேலே வரலாம். அளவும் குறையும், கொழுப்பின் தரமும் மாறும். பிரதமர் கேட்ட குறைப்பும் அதிலேயே வந்துவிடும். இல்லாத குடும்பத்துக்குச் சக்தி குறையுமே என்றால் அந்த இடத்தைப் பருப்பைக் கூட்டி நிரப்பலாம்.

இதைத் திண்டிவனம் பக்கத்தில் ரேஷன் கடை விற்பனையாளராக இருக்கும் என் சித்தப்பா மகனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான்.

"அண்ணா, ஒரு லிட்டர் வாங்கிய கைக்கு அரை லிட்டர் கொடுத்தால், மீதியை நான் எடுத்துக்கொண்டேன் என்றுதான் சொல்வார்கள். அமைச்சரையா போய்க் கேட்பார்கள்? எதிரே நிற்கிறவன் நான்தானே?"

ஒரே ஒரு தாலுகாவில் ஆறு மாதம் செய்து பார்க்கலாமே, மல்லாட்டை விளையும் உங்கள் தாலுகாவிலேயே தொடங்கலாமே, முன்னும் பின்னும் இரத்தப் பரிசோதனை செய்ய 'மக்களைத் தேடி மருத்துவம்' ஆட்கள்தான் இருக்கிறார்களே என்றேன்.

"செய்யலாம் அண்ணா. தேர்தல் முடியட்டும்" என்றான்.